பருப்பு விலையும் பந்தயப் பணமும்



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வளாகத்தில் நின்று பேசும்போது மளிகை விலையைப் பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது இந்தப் பேச்சு இன்னும் சூடாக இருந்தது. மழை பொய்த்துவிட்டது என்பார் ஒருவர். லாரி வாடகை ஏறிவிட்டது என்பார் இன்னொருவர். "எல்லாம் இந்த ஆன்லைன் வர்த்தகம் செய்கிற வேலை" என்று மூன்றாமவர் சொன்னதும் சுற்றி நிற்பவர்கள் தலையசைப்பார்கள். அந்த வர்த்தகம் என்றால் என்ன, அது எப்படி நம் வீட்டுப் பருப்பு டப்பாவரைக்கும் வருகிறது என்று கேட்டால், தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. குற்றம் சாட்டுவதற்கு முன், சாட்டப்படுவது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

முதலில் இதன் நல்ல முகத்தைப் பார்ப்போம். கோதுமை விதைத்த விவசாயிக்கு ஒரே கவலைதான்: நான்கைந்து மாதம் கழித்து அறுவடை செய்யும்போது என்ன விலை இருக்கும்? மாவு மில் வைத்திருப்பவருக்கும் அதே கவலை, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. விலை இறங்கினால் விவசாயிக்கு நட்டம். ஏறினால் மில்காரருக்கு நட்டம். இருவரும் இன்றே ஒரு விலையைப் பேசி, "அறுவடை முடிந்ததும் இந்த விலைக்கு இத்தனை மூட்டை" என்று எழுதிக்கொண்டால் இருவரும் நிம்மதியாக உறங்கலாம். இதுதான் முன்பேர வணிகத்தின் வேர்.

இந்தப் பேரத்துக்கென்று பெரிய சந்தை அமைந்தது அமெரிக்காவின் சிகாகோ நகரில். 1848-இல் அங்கே தானிய வணிகர்கள் கூடி ஒரு வணிகக் கழகத்தைத் தொடங்கினார்கள். காலப்போக்கில் ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே தரம் என்று ஆயின. இன்றும் சிகாகோவில் ஒரு கோதுமை ஒப்பந்தம் என்றால் 5,000 புஷல், அதாவது ஏறக்குறைய 136 டன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆனதால், அந்தக் காகிதத்தையே வாங்கலாம், விற்கலாம், மறுபடி வாங்கலாம் என்ற நிலை வந்தது. கோதுமையை ஒருநாளும் கண்ணால் பார்க்காதவர்கள் சந்தைக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

இவர்களை ஊக வணிகர்கள் என்கிறோம். விலை ஏறும் என்று எண்ணினால் வாங்குவார்கள், இறங்கும் என்று எண்ணினால் விற்பார்கள், தவணை முடிவதற்குள் கணக்கை முடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தின் முழுத் தொகையையும் அவர்கள் கட்ட வேண்டியதில்லை. ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். கொண்டைக்கடலை கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 டன் கடலையின் மதிப்பு 5 இலட்சம். முன்பணம் பத்து விழுக்காடு என்றால், 50,000 ரூபாயோடு அந்த ஒப்பந்தத்தை வாங்கிவிடலாம். விலை 55 ரூபாய் ஆனால் ஆதாயம் 50,000. போட்ட பணம் இரட்டிப்பாகிவிட்டது. விலை 45 ஆனால் போட்ட பணம் முழுவதும் போயிற்று. பத்து விழுக்காடு விலை மாற்றத்தில் ஒருவர் இரட்டிப்பாக்கலாம் அல்லது எல்லாவற்றையும் இழக்கலாம் என்றால், அங்கே யார் யார் வந்து குவிவார்கள் என்று நாமே ஊகிக்கலாம்.

ஆனாலும் ஊக வணிகர் இல்லாமல் இந்தச் சந்தை ஓடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விவசாயி விற்க விரும்பும் அந்த நிமிடத்திலேயே மில்காரர் வாங்கத் தயாராக இருப்பதில்லை. இடையில் நின்று அந்த ஆபத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும். அளவோடு இருக்கும்வரை அது ஒரு தொண்டு என்றுகூடச் சொல்லலாம். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வெங்காயத்தின் கதை ஒன்று உண்டு.

1955-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வின்சென்ட் கொசூகா, சாம் சீகல் என்ற இருவர் சிகாகோவில் வெங்காயத்தையும் வெங்காய ஒப்பந்தங்களையும் வாங்கிக் குவித்தார்கள். இவர்களில் கொசூகா வெளியாள் அல்ல, நியூயார்க் மாநிலத்தில் தாமே வெங்காயம் பயிரிட்டவர். ஒரு கட்டத்தில் சிகாகோவில் இருந்த வெங்காயத்தில் 98 விழுக்காடு இவர்கள் கையில் இருந்தது. கிட்டங்கிகளில் 3 கோடி பவுண்டு வெங்காயம், அதாவது 13,000 டன்னுக்கும் மேல். பிறகு விவசாயிகளைக் கூப்பிட்டு, "எங்கள் கையிருப்பில் ஒரு பகுதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அத்தனையையும் சந்தையில் கொட்டிவிடுவோம்" என்றார்கள். பயந்துபோன விவசாயிகள், தாங்கள் விளைவித்த பொருளைத் தாங்களே திரும்ப வாங்கினார்கள்.

அதோடு விடவில்லை. இப்போது விலை இறங்கினால் தங்களுக்கு ஆதாயம் வரும்படி ஒப்பந்தங்களை விற்று வைத்துக்கொண்டு, இருவரும் தங்கள் சரக்கைச் சந்தையில் இறக்கினார்கள். கெடத் தொடங்கிய வெங்காயத்தை வெளியூருக்கு அனுப்பிச் சுத்தம் செய்து, புதுச் சாக்கில் கட்டி, மறுபடி சிகாகோவுக்கே கொண்டுவந்தார்கள். வண்டி வண்டியாக வெங்காயம் வந்து இறங்குவதைப் பார்த்தவர்கள் அமோக விளைச்சல் என்று நினைத்தார்கள். 1955 ஆகஸ்ட்டில் 2.75 டாலர் விற்ற 50 பவுண்டு மூட்டை, 1956 மார்ச்சில் 10 சென்ட்டுக்கு வந்தது. வெங்காயத்தைக் கட்டிய வெறும் சாக்கின் விலை அதைவிட அதிகம்! விவசாயிகள் பலர் கடனாளியானார்கள். எழுந்த கூக்குரல் அமெரிக்கப் பாராளுமன்றம்வரை எட்டியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெரால்டு ஃபோர்டு, அப்போது மிச்சிகன் மாநிலத்தின் உறுப்பினராக இருந்து, வெங்காயத்தில் முன்பேர வணிகமே கூடாது என்ற மசோதாவை முன்நின்று கொண்டுவந்தார். 1958 ஆகஸ்ட்டில் அது சட்டமானது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

நம்மில் பலருக்கு இந்தக் கதை இங்கே முடிந்தால் மனநிறைவாக இருக்கும். ஆனால் உண்மை இன்னும் கொஞ்சம் நீளமானது. தடைக்குப் பிறகும் அமெரிக்காவில் வெங்காய விலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. முன்பேரச் சந்தை இருந்த காலத்தைவிடத் தடைக்குப் பின்பு விலை ஆட்டம் கூடியது என்று 1960-களில் பொருளியல் அறிஞர்கள் எழுதினார்கள். அழுகும் பொருள், ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை, மழையைப் பொறுத்த விளைச்சல். இவற்றைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது. ஆகவே, "தடை செய்தால் விலை இறங்கிவிடும்" என்று மேடையில் பேசுவது எளிது, மெய்ப்பிப்பது கடினம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கொசூகாவும் சீகலும் இரண்டே பேர். 2000-க்குப் பிறகு வந்தவர்கள் இலட்சக்கணக்கானோர், தாங்கள் வந்ததே தெரியாதவர்கள்.

அமெரிக்காவில் 1936-இலிருந்தே ஒரு சட்டம் இருந்தது. ஓர் ஊக வணிகர் இத்தனை கோதுமை ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உச்சவரம்பு விதிக்க அது வழிசெய்தது. 1991-இல் கோல்டுமேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி ஒரு குறியீட்டை உருவாக்கியது. கச்சா எண்ணெய், செம்பு, கோதுமை, சோளம், மாடு, பன்றி என்று பல பண்டங்களின் முன்பேர விலையை ஒன்றாகக் கட்டிய பொட்டலம் அது. இந்தக் குறியீட்டில் பணம் போடுபவர் எந்தப் பொருளின் விளைச்சலையும் பார்ப்பதில்லை. வாங்கி வைப்பார், தவணை முடியும்போது விற்று அடுத்த தவணையை வாங்குவார், ஆண்டுக்கணக்கில் இப்படியே. இந்தப் பணத்தைக் கையாளும் வங்கிகளுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கும் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டம் மேலும் கதவுகளைத் திறந்தது. பங்குச் சந்தையும் வீட்டுமனைச் சந்தையும் அடுத்தடுத்துச் சரிந்தபோது, ஓய்வூதிய நிதிகள் உட்படப் பெரும்பணம் பண்டங்களின் பக்கம் திரும்பியது. மைக்கேல் மாஸ்டர்ஸ் என்பவர், தாமே ஒரு முதலீட்டு நிதியை நடத்தியவர், 2008 மே மாதம் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார்: இந்தக் குறியீடுகளில் இருந்த பணம் 2003 இறுதியில் 1,300 கோடி டாலர், 2008 மார்ச்சில் 26,000 கோடி டாலர்.

அதே காலத்தில் விலை என்ன ஆனது? சிகாகோவில் 2007 தொடக்கத்தில் ஒரு புஷல் கோதுமை ஏறக்குறைய 5 டாலர். 2008 பிப்ரவரியில் 12 டாலருக்கு மேல். அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி 5, 6 டாலர். உலகம் உண்ணும் கோதுமையின் அளவு ஓராண்டுக்குள் இரண்டு மடங்காகி மறுபடி பாதியாகிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் வறட்சி இருந்தது, கையிருப்பு மிகவும் குறைந்திருந்தது, கச்சா எண்ணெய் பேரல் 147 டாலர்வரை போனது, அமெரிக்கா தன் மக்காச்சோளத்தை எரிபொருளாக்க எரிசாராயத் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இவை எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் இவை மட்டுமே இவ்வளவு பெரிய ஏற்றத்தையும் இறக்கத்தையும் விளக்குமா என்பதுதான் கேள்வி. உணவு உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஒலிவியே டி ஷூட்டர், விலை ஏற்றத்தில் ஊகப் பணத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு என்று 2010-இல் எழுதினார். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் இர்வின் போன்றோர் அதை மறுத்தார்கள். குறியீட்டு நிதிகள் ஒரு மூட்டையைக்கூடக் கிட்டங்கியில் பூட்டி வைப்பதில்லையே, பின் எப்படித் தட்டுப்பாடு வரும் என்பது அவர்கள் வாதம். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

அரிசியின் கதை இதில் ஒரு பாடம். உலக அரிசி வணிகத்தில் முன்பேரச் சந்தைக்குப் பெரிய இடம் கிடையாது. ஆனாலும் 2008-இல் மற்றத் தானியங்களை எல்லாம் மிஞ்சி ஏறியது அரிசிதான். தாய்லாந்து அரிசி டன் 400 டாலருக்கும் கீழே இருந்தது, சில மாதங்களில் 1,000 டாலரைத் தாண்டியது. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது, வியட்நாம் கட்டுப்படுத்தியது, பிலிப்பைன்ஸ் பதறிப்போய் என்ன விலைக்கும் வாங்க முன்வந்தது. வணிகர்கள் பதுக்கினார்கள், குடும்பங்களும் ஒரு மூட்டைக்கு இரண்டு மூட்டை வாங்கி வைத்தன. பிறகு, ஜப்பான் தன் கிட்டங்கியில் இருக்கும் இறக்குமதி அரிசியை வெளியே விடலாம் என்ற செய்தி வந்தது. ஒரு மூட்டை கப்பலில் ஏறுவதற்கு முன்பே விலை சரியத் தொடங்கியது. அரிசியின் அளவு மாறவில்லை, அச்சத்தின் அளவு மாறியது. ஊகம் என்பது சிகாகோவின் கணினித் திரையில் மட்டும் நடப்பதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் இதையெல்லாம் படித்துப் பார்த்த அளவில் நமக்குத் தோன்றுவது இதுதான்: ஊகப் பணம் பஞ்சத்தை உண்டாக்குவதில்லை, ஆனால் சிறிய பற்றாக்குறையைப் பெரிய விலையாக்கிவிடுகிறது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொகையை ஏழைகள் கட்டுகிறார்கள்.

எப்படிக் கட்டுகிறார்கள் என்பதற்குக் கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி நாட்டைப் பார்க்கலாம். மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கராக இருந்த நாடு அது. தான் உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை அது அமெரிக்காவிலிருந்து வாங்குகிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடும் குடும்பத்துக்கு அரிசி விலை இரட்டிப்பானால் எரிச்சல் வரும். பாதிக்கு மேல் செலவிடும் குடும்பத்துக்கு? முதலில் பருப்பும் மீனும் நிற்கும். அடுத்து பள்ளிக் கட்டணம். அதற்கடுத்து மருந்து. பிறகு மூன்று வேளை இரண்டாகும். தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் குடிசைப் பகுதிகளில் பெண்கள் களிமண்ணில் உப்பும் கொழுப்பும் சேர்த்துத் தட்டி, வெயிலில் காயவைத்து, ரொட்டிபோல் விற்றார்கள். பசியை ஏமாற்ற அதைத் தின்றார்கள். 2008-இன் தொடக்கத்தில் அந்தக் களிமண்ணின் விலையும் ஏறியிருந்தது. ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின, 12-ஆம் தேதி அந்நாட்டு மேலவை பிரதமர் அலெக்சிஸைப் பதவிநீக்கம் செய்தது. உலகில் பசியோடு வாழ்வோர் 2009-இல் 100 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. பின்னர் கணக்கிடும் முறையைத் திருத்தியபோது அந்த எண் குறைந்தது. ஆனால் களிமண் தின்றவர்கள் எந்தத் திருத்தத்திலும் மறையவில்லை.

2022-இலும் இதே காட்சி ஒரு சிறிய அளவில் திரும்பியது. உக்ரைன் போர் தொடங்கியதும் மார்ச் மாதம் சிகாகோ கோதுமை 13 டாலரையும் கடந்தது. ஜூலைத் தொடக்கத்திலேயே ஏறக்குறைய போருக்கு முந்தைய விலைக்கு வந்துவிட்டது. கருங்கடல் உடன்பாட்டின்படி உக்ரைனிலிருந்து முதல் தானியக் கப்பல் புறப்பட்டதோ ஆகஸ்ட் முதல் நாள்!

நம் நாட்டில் என்ன நடந்தது? பெரிய மின்னணுப் பண்டச் சந்தைகள் 2003-இல் தொடங்கின. விலை ஏறவே, 2007-இன் தொடக்கத்தில் துவரை, உளுந்து, கோதுமை, அரிசி ஆகியவற்றில் முன்பேரம் நிறுத்தப்பட்டது. இதனால்தான் விலை ஏறியதா என்று ஆராய அபிஜித் சென் தலைமையில் ஒரு குழுவை அரசு அமைத்தது. உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்று 2008-இல் அது கூறியது. கோதுமை பின்னர் சந்தைக்குத் திரும்பியது. துவரை திரும்பவில்லை. ஆகவே, 2015-இல் துவரம் பருப்பு 200 ரூபாய்க்குப் போனபோது, கோவில் வளாகத்தில் நாம் பழித்த அந்த ஆன்லைன் வர்த்தகம் துவரைக்குக் கிடையவே கிடையாது. இரண்டு ஆண்டுகள் மழை குறைந்திருந்தது. மற்றது பழைய பதுக்கல்தான். அரசு சோதனை நடத்தியபோது பல்லாயிரம் டன் பருப்பு கிட்டங்கிகளிலிருந்து வெளியே வந்தது.

2021 டிசம்பரில் கோதுமை, நெல், கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடுகு, சோயா, கச்சா பாமாயில் ஆகிய ஏழிலும் முன்பேரத்தைச் செபி நிறுத்தியது. தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது. மகாராஷ்டிராவில் விவசாயிகளின் அமைப்பொன்றே அதை எதிர்த்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அறுவடை விலையை முன்கூட்டிக் காட்டும் ஒரு பலகையை எங்களிடமிருந்து பறித்துவிட்டீர்கள் என்பது அவர்கள் மனத்தாங்கல். தமிழ்நாட்டில் நம்மை அதிகம் காத்தது தடையைவிட ரேஷன் கடை எனலாம். உலகச் சந்தை கொதித்த அதே 2008-இல் இங்கே அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-இலிருந்து விலையில்லா அரிசி. துவரம் பருப்பு 200 ரூபாய் விற்ற மாதத்திலும் அட்டைக்கு ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு கிலோதான், வரிசையில் நிற்கவும் வேண்டும். ஆனாலும் ஹெய்ட்டியில் அப்படி ஒரு வரிசையே இல்லை.

திருச்சபை இதைப்பற்றி மௌனமாக இருக்கவில்லை. பிறருக்குக் கேடு விளையும்படி, பொருள்களின் விலையைச் செயற்கையாக மாற்றி ஆதாயம் தேடும் ஊக வணிகம் ஒழுக்கநெறிக்கு முரணானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2409) கூறுகிறது. எல்லா வணிகத்தையும் அது பழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2011 ஜூலையில் உணவு வேளாண்மை நிறுவனத்தின் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது, உணவே ஊக வணிகத்தின் பொருளாகிவிட்டதைக் கண்டு எப்படி வாளாவிருப்பது என்று கேட்டார். தானியத்தை விற்காமல் வைத்துக்கொள்பவரை மக்கள் சபிப்பார்கள் என்று நீதிமொழிகள் (11:26) எச்சரிப்பதை நாம் அறிவோம். யோசேப்பின் கதை சற்றுச் சிக்கலானது. அவர் களஞ்சியத்தில் சேர்த்ததால் எகிப்து பிழைத்தது, உண்மைதான். ஆனால் தொடக்க நூலின் 47-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால், அந்தத் தானியத்துக்காக மக்கள் தங்கள் பணத்தை, கால்நடையை, நிலத்தை, கடைசியில் தங்களையே பார்வோனுக்கு விற்றதைக் காண்கிறோம். மறையுரைகளில் இந்தப் பகுதி அதிகம் வருவதில்லை.

இனி, நம் பணத்தைப் பற்றி. குறியீட்டு நிதிகளில் இருந்த பணம் ஏதோ சில கொள்ளைக்காரர்களின் பணம் அல்ல. அதில் ஒரு பங்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதியச் சேமிப்பு. கோதுமை விலை ஏறும் என்ற பந்தயத்தில் தங்கள் பணமும் இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தபோது சிலர் கேள்வி கேட்டார்கள். ஜெர்மனியில் கொமர்ஸ் வங்கி போன்ற சில வங்கிகள், பொதுமக்கள் அமைப்புகளின் நெருக்குதலுக்குப் பின், 2012-இல் தங்கள் நிதிகளிலிருந்து உணவுத் தானியங்களை நீக்கின. சுவிட்சர்லாந்தில் 2016 பிப்ரவரி 28 அன்று, உணவின் மீது ஊக வணிகம் கூடாது என்ற கோரிக்கை மக்கள் வாக்கெடுப்புக்கே வந்தது. ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தனர். கோரிக்கை தோற்றது.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. பரஸ்பர நிதிகள் பண்டங்களின் முன்பேரச் சந்தையில் பணம் போடலாம் என்று செபி 2019 மே மாதம் அனுமதி அளித்தது. அரசு அடிக்கடி தலையிட நேரும், விலையில் விளையாட எளிதில் இடம்தரும் பண்டங்களை அது விலக்கி வைத்தது. மற்றவற்றுக்குக் கதவு திறந்திருக்கிறது. நம் பங்கிலும் மாதாமாதம் இப்படிப்பட்ட நிதிகளில் சேமிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நிதியும் தன்னிடம் உள்ளவற்றின் பட்டியலை மாதந்தோறும் வெளியிட்டாக வேண்டும். முகவரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். பங்குகளின் பெயர்களுக்குக் கீழே, வழக்கமாக யாரும் பார்க்காத இடத்தில், பண்டங்களின் பெயர்கள் இருக்கும்.